சுரங்கம், கடன், காட்டுரிமை: சேர்வராயன் மலை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் சேலத்தை ஒட்டிய அடிவார ஊர்களிலும் வன உரிமை மனு எழுதிக் கொடுக்க உட்காரும்போது, படிவத்தைப் பற்றிய கேள்விகளைவிட வேறு சில கேள்விகளே அதிகம் வருகின்றன. சுரங்கம் திரும்ப வருமா, வந்தால் யாரிடம் சொல்வது, அதற்குப் பணம் போடுகிறவர்களுக்குப் பொறுப்பே கிடையாதா என்பவை அவை. ஒரே ஐயம் பல ஊர்களில் ஏறத்தாழ ஒரே சொற்களில் எழுவதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து விடைகளைத் தொகுத்திருக்கிறேன். இது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. அவரிடம் போகும் முன் படித்துவிட்டுப் போனால் அவருக்கும் உங்களுக்கும் அரை நாள் மிச்சமாகும்.

சுரங்கத்துக்கும் உலக வங்கிக்கும் என்னங்க சம்பந்தம்? குத்தகை எடுக்கிறவரு தன் காசைத்தானே போடறாரு?

சிறிய கல் குவாரி என்றால் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. பெரிய சுரங்கம் தனியாக நிற்பதில்லை. தாதுவை இறக்கச் சாலை, ஏற்றிச் செல்ல ரயில் பாதை, உருக்க ஆலை, ஆலைக்கு மின்சாரம் என்று ஒன்றன் பின் ஒன்றாகச் செலவு வருகிறது. அந்தப் பணம் வங்கிக் கடனாகவும், கடன் பத்திரமாகவும், பங்கு விற்பனையாகவும் திரட்டப்படுகிறது. கடன் கொடுப்பவர்களில் உலக வங்கி, அதன் குடும்பத்திலேயே தனியார் நிறுவனங்களுக்குக் கடன் தரும் ஐ.எஃப்.சி., ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பானின் ஜைக்கா போன்றவை வளர்ச்சி நிதி நிறுவனங்கள் எனப்படுகின்றன. இவை கடன் ஒப்பந்தத்தோடு சுற்றுச்சூழல் குறித்தும், பாதிக்கப்படும் மக்கள் குறித்தும் நிபந்தனைகளைச் சேர்க்கின்றன.

அந்த நிபந்தனைகளை யாரும் தயவால் எழுதிவிடவில்லை. நர்மதை ஆற்றின் சர்தார் சரோவர் அணைக்குக் கடன் கொடுத்த உலக வங்கி, பழங்குடி மக்களின் போராட்டத்துக்குப் பிறகு ஒரு சுயேச்சைக் குழுவை அமர்த்தியது. மறுவாழ்வும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் சரியாக நடக்கவில்லை என்று அக்குழு 1992இல் அறிக்கை கொடுத்தது. 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்திய அரசே சொல்லிவிட்டது. மக்கள் நேரடியாகப் புகார் கொடுப்பதற்கான ஆய்வுக் குழுவை உலக வங்கி அமைத்ததும் அதே 1993இல்தான்.

எங்க மலையில வருஷக்கணக்கா அலுமினிய மண்ணு அள்ளினாங்களே, அதுல வெளிநாட்டுப் பணம் இருந்துச்சா?

இருந்தது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டப்பட்ட பாக்சைட், மேட்டூரில் இருந்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்கு, அதாவது நம் பக்கத்தில் மால்கோ என்று சொல்லும் ஆலைக்குப் போயிற்று. 1960களில் இத்தாலிய நிறுவனம் ஒன்றின் கூட்டுறவோடு தொடங்கிய அந்த ஆலையை 1995இல் ஸ்டெர்லைட் குழுமம் வாங்கியது. பிறகு அது 2003இல் லண்டன் பங்குச் சந்தைக்குப் போன வேதாந்தாவின் கீழ் வந்தது. மேட்டூரில் அலுமினியம் உருக்குவது 2008இல் நின்றது.

லண்டனில் பங்கு வாங்கியவர்களுள் நார்வே அரசின் ஓய்வூதிய நிதியமும் ஒன்று. அந்த நிதியத்தின் அறநெறிக் குழு 2007இல் வேதாந்தாவின் நான்கு இந்தியக் கிளைகளை எடுத்து ஆராய்ந்தது: தூத்துக்குடி செம்பு ஆலை, சத்தீஸ்கரின் பால்கோ, ஒடிசாவின் லாஞ்சிகர் ஆலை, நம் மேட்டூர் மால்கோ. சுற்றுச்சூழல் கேட்டையும் மனித உரிமை மீறலையும் காரணம் காட்டி, பங்குகளை விற்றுவிட அக்குழு பரிந்துரைத்தது. அதே ஆண்டு நிதியம் விலகிக்கொண்டது. ஏற்காட்டில் டீக்கடையில் இதைச் சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கடன் கொடுத்தவர் தவணையை நிறுத்தி வைத்து, சரிசெய்யச் சொல்லலாம். பங்கு வைத்திருப்பவர் விற்றுவிட்டுப் போய்விட்டால் அவர் பெயர் சுத்தமாகும்; தோண்டிய குழி அப்படியேதான் கிடக்கும்.

காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்கன்னு நாங்களே கதை சொல்றோம், பேசறதும் தமிழ்தான். அப்புறம் எப்படிங்க நாங்க பூர்வகுடி ஆவோம்?

மலையாளி மக்கள் நடுவே அண்ணன் தம்பி மூவர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறிய கதை இன்றும் வழங்குகிறது. கூட்டங்களில் எதிர்த்தரப்பார் இதையே எடுத்துப் போட்டு மடக்கப் பார்ப்பதும் உண்டு. அதற்குத் தயங்க வேண்டியதில்லை. யார் முதலில் வந்தார் என்ற கேள்வியைச் சட்டமே கேட்பதில்லை. பட்டியல் பழங்குடி என்பது குடியரசுத் தலைவரின் ஆணையால் வருவது. சேலம் மாவட்டத்து மலையாளிகள் அதில் இருக்கிறார்கள். வன உரிமைச் சட்டம் பட்டியல் பழங்குடியினரிடம் எதிர்பார்ப்பது, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் வசித்து அதை நம்பி வாழ்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே.

உலக வங்கியின் விதி (பழங்குடி மக்களுக்கான 7ஆம் தரநிலை, 2018 அக்டோபர் முதல் நடைமுறையில் இருப்பது) நான்கு அடையாளங்களைப் பார்க்கிறது: தம்மைத் தனி மக்களாகக் கருதுவது, குறிப்பிட்ட நிலப்பகுதியோடு கூட்டான பற்று, தனியான சமூக அமைப்புகள், தனி மொழி அல்லது வழக்கு. நான்கும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை என்று அதே விதி சொல்கிறது. நாட்டுக் கவுண்டர், ஊர்க் கவுண்டர் என்று வரும் ஊர் அமைப்பும், சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்ற நாட்டுப் பிரிவும், மே மாதம் மலையே திரண்டு போகும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் இதற்குப் போதுமான சான்றுகள். வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள், மாவட்டக் கணக்கில் விடுபட்டதால், பழங்குடிப் பட்டியலில் இல்லை. அதனால் வன உரிமைச் சட்டத்தில் அவர்கள் 75 ஆண்டு வசிப்பைக் காட்ட வேண்டியிருக்கிறது.

அஞ்சாவது அட்டவணைன்னு சொல்றாங்களே, ஏற்காடு அதுல வருதா?

வராது. பழங்குடி நிலத்துக்குத் தனிக் காப்பு தரும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் ஆந்திரம், தெலங்கானா, ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய பத்து மாநிலங்களில் உள்ளன. தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட இல்லை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதை இதோடு குழப்பிக்கொள்கிறவர்கள் பலர். அது தேர்தலுக்கான ஒதுக்கீடு. நிலத்துக்கு அதனால் எந்தக் காப்பும் இல்லை.

ஆகவே அப்பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமும், பழங்குடிப் பகுதி அரசு நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் சமதா வழக்கில் சொன்னதும் நம் மலைக்கு நேரடியாகப் பொருந்தா. மேடைகளில் சமதா தீர்ப்பை முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். மனுவில் அதையே தலையாய வாதமாக எழுதினால், முதல் பதிலிலேயே தள்ளிவிடுவார்கள்.

அப்போ எங்க கையில என்னதான் இருக்கு?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. உழுது பயிரிட்டு வரும் வன நிலத்துக்குத் தனிநபர் உரிமை, குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை, படிவம் ஏ. கடுக்காய், தேன், சீமாறு எடுப்பது, மாடு மேய்ப்பது, நீர்நிலை, வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குச் சமூக உரிமை, படிவம் பி. ஊர் வழக்கமாகப் பயன்படுத்திக் காத்துவரும் காடு முழுவதற்குமான உரிமை, படிவம் சி. தனிநபர் உரிமை வாரிசுக்கு வரும், விற்க முடியாது. உரிமைகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று 4(5) பிரிவு சொல்கிறது. சுரங்கத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் பி, சி இரண்டுமே முக்கியமானவை. ஆனால் ஊர்களில் ஏ மட்டும் நிரப்பிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

‘கோர்ட்டுல தடை இருக்கு’ என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது உண்மை. 2016இல் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடை நீங்கிவிட்டது. இழந்த எட்டு ஆண்டுகளில் சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்கள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இச்சட்டம் வன நிலத்துக்கு மட்டுமே. காப்புக்காடும் வகைப்படுத்தப்படாத காடும் இதில் வரும்; காப்பித் தோட்டங்களின் பட்டா நிலம் வராது. சேர்வராயன் மலையில் 1820களிலிருந்தே காப்பித் தோட்டங்கள் பரவியதால், ஒரே சரிவில் இரண்டும் மாறி மாறிக் கிடக்கின்றன. குத்தகைக்குக் கேட்கும் சர்வே எண் எந்த வகை நிலம் என்பதை வருவாய்க் கணக்கில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

எங்ககிட்ட ஒரு காகிதமும் இல்லைங்க. எதை வெச்சு மனு போடறது?

காகிதம் மட்டுமே சான்று என்று விதியில் இல்லை. பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கலாம். சுடுகாடு, பழைய கிணறு, கோயில், கல் அடுக்கிய வரப்பு போன்ற கண்ணால் காணும் அடையாளங்களும் சான்றுகளே. அரசின் பழைய கெசட்டியர்களும், அதாவது மாவட்ட விவர நூல்களும், செல்லும். 1918இல் அச்சான சேலம் மாவட்டக் கெசட்டியரின் பக்கங்களை நகலெடுத்து இணைக்கலாம். இவ்வகைச் சான்றுகளில் இரண்டாவது இருக்க வேண்டும். பழங்குடிச் சாதிச் சான்றிதழைத் தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும் என்பதால், அது கிடைக்கும்வரை மற்ற வேலைகளை நிறுத்தி வைக்காதீர்கள்.

கிராம சபைன்னா ஆகஸ்ட் 15 அன்னைக்குக் கூட்டறாங்களே, அதுதானே?

அது ஊராட்சி முழுவதற்குமான சபை. ஏற்காட்டில் ஓர் ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஊராட்சி அளவில் கூட்டுவதால் சிறு குடியிருப்புகள் விடுபடுகின்றன என்பதை மத்திய பழங்குடியினர் நல அமைச்சகமே 2012 ஜூலை வழிகாட்டுதலில் ஒப்புக்கொண்டு, குக்கிராமம் அல்லது வருவாய்க் கிராம அளவில் சபையைக் கூட்டச் சொன்னது. வன உரிமைக் கிராம சபையில் வயது வந்தோரில் குறைந்தது பாதிப் பேர் இருக்க வேண்டும்; வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். இந்த எண்ணிக்கை இல்லாத தீர்மானம், நமக்கு ஆதரவானதாக இருந்தாலும், நிற்காது.

தீர்மான நோட்டுல முதல்லயே கையெழுத்து வாங்கிட்டாங்க. என்ன எழுதினாங்கன்னே தெரியலை. இப்ப என்ன பண்றது?

பல ஊர்களில் கேட்ட கேள்வி இது. வருகைப் பதிவு என்று சொல்லி வெற்றுப் பக்கத்தில் கையெழுத்தும் ரேகையும் வாங்கிக்கொண்டு, மேலே விட்ட இடத்தில் பிறகு எழுதுவது பழைய வழக்கம். நடந்துவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். உள்ளடக்கம் தவறென்றால், அதே எண்ணிக்கையில் ஆட்களைக் கூட்டி மறுதீர்மானம் போட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இனிமேல் நடக்கும் கூட்டத்தில், தீர்மானம் முழுவதும் எழுதி உரக்கப் படித்து முடித்த பிறகே பேனாவைத் தொடுங்கள். கடைசி வரிக்கு அடியில் இடைவெளி விடாமல் ஒரு கோடு இழுத்து, கையெழுத்துகள் அந்தக் கோட்டிலிருந்து தொடங்கட்டும். தேதி, இடம், ஊரில் வயது வந்தோர் எத்தனை பேர், வந்தவர் எத்தனை, பெண்கள் எத்தனை, எந்தக் கனிமம், எந்தச் சர்வே எண்கள், என்னென்ன ஆவணங்கள் எந்த மொழியில் எப்போது கொடுக்கப்பட்டன என்பவை உள்ளே இருக்க வேண்டும். ஆவணம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்றால் அதையும் ஒரு வரியாக எழுதுங்கள்; பின்னால் வங்கியின் புகார்ப் பிரிவு முதலில் தேடுவது அந்த வரியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் கைப்பேசியிலாவது படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

ஒடிசாவுல ஒரு மலையைக் காப்பாத்திட்டாங்களாமே, அது மாதிரி இங்கேயும் முடியுமா?

நீங்கள் கேட்பது நியாம்கிரி. மேலே சொன்ன லாஞ்சிகர் ஆலைக்காக அந்த மலையின் பாக்சைட்டை வெட்ட இருந்தார்கள். டோங்ரியா கோந்த் மக்களுக்கு அது நியாம்ராஜா என்னும் தெய்வம் குடிகொண்ட மலை. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று, சமய, பண்பாட்டு உரிமைகள் உட்பட எல்லாவற்றையும் கிராம சபைகளே ஆராய்ந்து சொல்லட்டும் என்று உத்தரவிட்டது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. இது ஐந்தாம் அட்டவணைப் பகுதியில் நடந்தது என்பது உண்மை. ஆனால் தீர்ப்பு பெரிதும் ஊன்றி நின்றது வன உரிமைச் சட்டத்தின் மீது. அந்தச் சட்டம் இங்கும் உள்ளது. சேர்வராயன் கோயிலையும் திருவிழாவுக்குப் போகும் வழிகளையும் படிவம் பியில் எழுதச் சொல்வது இதனால்தான்.

அப்படியே நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கிராம சபையின் இசைவு வேண்டும் என்ற அதே அமைச்சகத்தின் 2009 ஆகஸ்ட் சுற்றறிக்கையின் பிடி பிறகு தளர்ந்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள், மத்திய அரசு அனுமதி கொடுத்த பிறகு, நிலத்தை ஒப்படைக்கும் முன் மாநில அரசு வன உரிமைகளை உறுதிசெய்தால் போதும் என்று மாற்றிவிட்டன. எல்லா அனுமதியும் கைக்கு வந்துவிட்ட திட்டத்தை மாநில அரசு அந்தக் கட்டத்தில் நிறுத்தும் என்று எதிர்பார்ப்பது கடினம். உரிமை முன்கூட்டியே பதிவாகியிருந்தால்தான் அப்போது பேச இடம் இருக்கும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துல எல்லாரும் வேண்டாம்னு சொல்லிட்டா திட்டம் நின்னுடுமா?

நிற்காது. சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய 2006 செப்டம்பர் அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் அந்தக் கூட்டம் வாக்கெடுப்பு அல்ல. அங்கே எழும் ஆட்சேபங்கள் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும். குழு அவற்றுக்கு விடை கேட்க வேண்டும்; ஆனால் அவற்றை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 30 நாள் முன்னறிவிப்பு, தமிழில் சுருக்க அறிக்கை, நிகழ்வு முழுவதும் வீடியோப் பதிவு, முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்டுவது ஆகியவை நம் உரிமைகள். ‘வேண்டாம்’ என்ற முழக்கத்தைவிட, ‘அறிக்கையின் இந்தப் பக்கத்தில் எங்கள் ஊற்று விடுபட்டிருக்கிறது’ என்ற ஒரு வரி, பின்னால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் அதிகம் பேசும்.

வங்கிக்காரங்க ‘கலந்து பேசினோம்’னு எழுதிக்கறாங்க. நாங்க ஒத்துக்கிட்டதா அர்த்தமா? ஒருத்தர் மறுத்தாலும் நிக்குமா?

கலந்து பேசுவது வேறு, ஒப்புதல் வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த இழுபறிதான் கடந்த இருபது முப்பது ஆண்டு வளர்ச்சி நிதியின் வரலாறு என்று சொல்லலாம். எண்ணெய், எரிவாயு, சுரங்கத் திட்டங்களுக்குக் கடன் தருவது பற்றி உலக வங்கியே 2001இல் தொடங்கிவைத்த மறுஆய்வு, இந்தோனேசியாவின் முன்னாள் அமைச்சர் எமில் சலீம் தலைமையில் நடந்தது; சுதந்திரமான, முன்கூட்டிய, விவரம் அறிந்த ஒப்புதல் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. வங்கி அன்று அதை ஏற்காமல், கலந்தாலோசனையோடு நின்றுகொண்டது. ஐ.எஃப்.சி. 2012இலும் உலக வங்கி 2018இலும்தான் ஒப்புதல் என்ற நிலைக்கு வந்தன. அதுவும் எல்லாத் திட்டங்களுக்கும் அல்ல: வழக்கமாக அனுபவித்துவரும் நிலத்தையும் இயற்கை வளத்தையும் பாதிக்கும்போது, குடிபெயர்க்கும்போது, பண்பாட்டுச் சின்னங்களைப் பெரிதும் பாதிக்கும்போது.

ஒருவர் மறுத்தால் நிற்குமா என்றால், இல்லை. சிலர் வெளிப்படையாக எதிர்த்தாலும் ஒப்புதல் செல்லும் என்று உலக வங்கியின் விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆகையால் தனி ஆளின் எதிர்ப்புக் கடிதத்தைவிட, மேலே சொன்ன முறையில் எழுதிய ஊர்த் தீர்மானத்துக்குத்தான் எடை.

எந்த வங்கி பணம் போட்டிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதுதான் கடினமான வேலை. உலக வங்கி, ஐ.எஃப்.சி., ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவை தம் திட்டப் பட்டியலை இணையத்தில் வெளியிடுகின்றன. நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் ஆண்டறிக்கையின் கடன் குறிப்புகளைப் பாருங்கள். நிறுவனம் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால், கடன் கொடுத்தவர் பெயர் கம்பெனிப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கும். சிறு கட்டணத்தில் பார்க்கலாம். ஐ.எஃப்.சி. ஓர் இந்திய வங்கிக்குக் கொடுத்து, அந்த வங்கி சுரங்கத்துக்குக் கொடுத்திருந்தால் தடம் மங்கிவிடும். பட்டியலில் சுரங்கத்தின் பெயரே இருக்காது.

நம் பக்கத்துக் குவாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தேடல் ஒன்றும் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டு வங்கிக் கடனில் நடக்கும் திட்டத்தில் வெளிநாட்டு வங்கியின் விதியைக் காட்டிப் பயனில்லை. அங்கே வன உரிமைச் சட்டமும் சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளும்தான் கைகொடுக்கும்.

வங்கிக்குப் புகாரைத் தமிழ்லயே எழுதலாமா? பேரை வெளிய சொல்லிடுவாங்களா?

தமிழில் எழுதலாம். உலக வங்கியின் ஆய்வுக் குழுவுக்குப் பாதிக்கப்பட்ட இருவர் சேர்ந்து கொடுத்தால் போதும்; ஐ.எஃப்.சி.க்கான புகார்களைக் குறைதீர் ஆலோசகர் அலுவலகம் பார்க்கிறது. பெயரை மறைத்து வைக்கும்படி கேட்கலாம். காலக்கெடுவைக் கவனியுங்கள்: உலக வங்கிக் கடன் முடிந்து 15 மாதங்கள் வரைதான் புகார் எடுபடும். என் அனுபவத்தில் ஊர்கள் இடிக்கும் இயந்திரம் வந்த பிறகு எழுதுகின்றன. கடன் கையெழுத்தாகும் முன் எழுதினால் அதே கடிதத்துக்குப் பத்து மடங்கு மதிப்பு.

அந்த வங்கி மேலேயே வழக்குப் போட முடியாதா?

முடியாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. குஜராத்தின் முந்திராவில் ஐ.எஃப்.சி. கடனில் எழுந்த அனல் மின் நிலையத்தால் மீன்வளமும் நிலத்தடி நீரும் கெட்டதாகக் கூறி, மீனவர்களும் உழவர்களும் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 2019 பிப்ரவரி 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐ.எஃப்.சி. போன்ற அமைப்புகளுக்கு வழக்கிலிருந்து முழு விலக்குரிமை கிடையாது என்று 7க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கொண்டாட்டம் நீடிக்கவில்லை. புகாருக்குரிய செயல் இந்தியாவில் நடந்தது, அமெரிக்காவில் நடந்த வணிகச் செயல் அல்ல என்று சொல்லிக் கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளிவிட்டன. கதவு உண்டு என்று தெரிந்தது. உள்ளே போன நம்மவர் இன்னும் யாரும் இல்லை.

எங்க ஊர்ல ஏற்கெனவே வனக்குழு இருக்கு. அது போதாதா?

போதாது, அது வேறு பிறவி. 1997இல் ஜப்பானின் கடனில் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழ் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. அவை வனத்துறையோடு சேர்ந்து இயங்க ஏற்பட்டவை. சுழல் நிதி, தடுப்பணை, கறவை மாடு எனச் சில நன்மைகளும் வந்தன. வளர்ச்சி நிதி என்றால் சுரங்கம் மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன்: மரம் நடுவதற்கும் கடன் வரும், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. வன உரிமை மனுக்களைப் பெற்றுச் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவோ கிராம சபையே தேர்ந்தெடுப்பது. 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வனக்குழுத் தலைவரின் கையெழுத்தை ஊரின் ஒப்புதலாக யாராவது காட்டினால், அது செல்லாது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

கனிம நிதின்னு மாவட்டத்துல கோடிக்கணக்குல இருக்காமே, எங்க ஊருக்கு ஏன் வரலை?

கனிமச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் கனிம அறக்கட்டளை ஏற்பட்டது. 2015 ஜனவரி 12க்கு முந்தைய குத்தகைகளிலிருந்து ராயல்டியில் 30 விழுக்காடும், ஏலத்தில் போனவற்றிலிருந்து 10 விழுக்காடும் அதில் சேர வேண்டும். குடிநீர், மருத்துவம், கல்வி போன்றவற்றுக்குப் பெரும்பகுதி போக வேண்டும் என்பது விதி. பாதிக்கப்பட்ட ஊர்களின் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சுரங்கம் ஓடினால்தான் நிதி வரும் என்பதால், குழியோடு கைவிடப்பட்ட ஊர்களுக்கு இது குறைவாகவே உதவுகிறது. 2024ஆம் ஆண்டில் தமிழக அரசு சட்டமாக்கிய கனிம நில வரி இதிலிருந்து வேறானது. அது அரசுக் கருவூலத்துக்குப் போகிறது.

ஐ.நா. சபை எங்களுக்குன்னு ஏதோ பிரகடனம் போட்டிருக்காமே?

பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய அந்தப் பிரகடனம் 2007 செப்டம்பர் 13 அன்று நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. சுரங்கத்துக்கு முன் ஒப்புதல் பெறுவதை அதன் 32ஆம் பிரிவு பேசுகிறது. ஆனால் அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. பழங்குடி மக்கள் குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 107ஆம் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்திருக்கிறது, இன்னும் வலுவான 169இல் சேரவில்லை. மனுவின் கடைசிப் பத்தியில் ஒரு வரி போதும்.

பசங்க பாதிப் பேரு வேலை வேணும், சுரங்கம் வரட்டும்கறாங்க. அவங்களை என்ன சொல்றது?

எதிரி என்று சொல்லாதீர்கள். சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இருக்கின்றன. ஒப்புதல் உரிமை என்றால் ‘சரி’ என்று சொல்லும் உரிமையும்தான். அந்தப் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்வேன்: எத்தனை ஆண்டுக்கு வேலை, நிரந்தர ஊழியராகவா ஒப்பந்தக்காரர் மூலமாகவா, இயந்திரம் எவ்வளவு ஆள் எவ்வளவு? மலை உச்சியின் பாக்சைட், மேல்மண்ணுக்கு அடியிலேயே கிடக்கும் படிவு. இயந்திரத்தால் விரைவாக அள்ளி முடித்துவிடலாம். விடைகளைக் குத்தகைதாரர் எழுத்தில் தரட்டும், பிறகு ஊர் முடிவெடுக்கட்டும். எழுத்தில் தர மறுத்தால், அந்த மறுப்பையும் தீர்மானத்தில் சேர்த்துவிடலாம்.

வெட்டி முடிச்சிட்டுப் போயிட்டாங்க. குழியை மூட இனிமே யாரைப் பிடிக்கிறது?

பாக்சைட் போன்ற பெருங்கனிமச் சுரங்கம் எதுவானாலும், இறுதி மூடல் திட்டம் என்ற ஆவணம் இந்தியச் சுரங்கப் பணியகத்தின் ஒப்புதலோடு இருக்க வேண்டும். குத்தகைதாரர் அதற்காகக் கட்டிய உறுதித் தொகை, மூடல் முடிந்ததாகச் சான்று கிடைத்த பிறகே விடுவிக்கப்படும். 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், வெட்டி முடித்த பரப்பில் கால்நடைக்குத் தீவனமாகும் வகையில் புல் வளர்ப்பதைக் குத்தகையின் நிபந்தனையாகச் சேர்க்க உத்தரவிட்டது. மூடாமல் விட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

முதல் வேலை, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நான்கு ஆவணங்களைக் கேட்பது: குத்தகை ஒப்பந்தம், ஒப்புதல் பெற்ற மூடல் திட்டம், உறுதித் தொகை விடுவிக்கப்பட்டதா என்ற கோப்பு, கடைசியாக ஆய்வு செய்த அலுவலரின் அறிக்கை. பணியகம் மத்திய அரசின் கீழ் இருப்பதால் அதற்கு ஒரு மனு, மாவட்டக் கனிமவளத் துறைக்கு ஒரு மனு என்று தனித்தனியாகப் போடுங்கள். 30 நாளில் விடை வராவிட்டால் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அந்தக் கடிதத்தோடு முதல் மனுவின் அஞ்சல் ரசீது நகலை இணைக்க வேண்டும்.